ட்ரெட்ஜ் முடித்துவிட்டேன், அடுத்து என்ன? காஸ்மிக் ஹாரர் சாயல் உள்ள கேம், படம், கதை சொல்லுங்கள்

கலங்கரை:

வணக்கம். போன வாரம் ‘ட்ரெட்ஜ்’ முடித்தேன். இன்னும் மனது அந்தக் கடலிலேயே இருக்கிறது.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2023இல் நியூசிலாந்தின் பிளாக் சால்ட் கேம்ஸ் கொண்டுவந்த மீன்பிடி கேம் இது. படகு உடைந்து கிரேட்டர் மாரோ என்ற ஊரில் கரை சேர்கிறோம். ஊர் மேயர் கடனுக்கு வேறு படகு தருகிறார். மீன் பிடிக்க வேண்டும், விற்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும். ஆரம்பத்தில் இவ்வளவுதான். பிடித்த மீனைப் படகின் கட்டங்களுக்குள் திருப்பித் திருப்பி அடுக்குவதே அலுக்காது. ஓடும்போதும் மீன் பிடிக்கும்போதும் மட்டும்தான் நேரம் நகரும், நின்றால் கடிகாரமும் நிற்கும். அதனால் இரவில் மாட்டிக்கொண்டால் அது நாமே எடுத்த முடிவு.

அப்புறம் ஒருநாள் தூண்டிலில் மூன்று தலையோடு ஒரு காட் மீன் வருகிறது. அதற்கு விலையும் சாதா மீனைவிடக் கூடுதல். இரவில் திரையின் மேலே ஒரு கண் திறந்து அங்குமிங்கும் துடிக்க ஆரம்பிக்கிறது. பகலில் வெறும் தண்ணீராக இருந்த இடத்தில் பாறை முளைத்து நிற்கிறது. அது உண்மையான பாறையா, படகோட்டியின் கலங்கிய மூளையா என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மோதினால் படகு உடைகிறது!

இந்த மாதிரி வேண்டும். இணையத்தில் தேடினால் ஆக்டோபஸ் கை முளைத்த அரக்கர்கள் வரும் கேம்களாக அடுக்குகிறார்கள். கை எத்தனை என்பது எனக்கு முக்கியமில்லை. ட்ரெட்ஜில் இருந்த அந்தக் கலக்கம் எங்கே கிடைக்கும்? என்னிடம் சுமாரான லேப்டாப் இருக்கிறது, தம்பியிடம் பிஎஸ்4 இருக்கிறது. படமும் கதையும் சொல்லலாம், ஆங்கிலத்தில் படிப்பேன்.

நடுச்சாமம்:

கலங்கரை தம்பி, நல்ல கேள்வி. நீங்கள் கலக்கம் என்கிறீர்களே, அது எதனால் வருகிறது என்று பார்த்தால் அடுத்து எதை எடுக்கலாம் என்பது தானாகத் தெரியும்.

நம் படங்களில் வரும் பேய்க்கு நம்மோடு ஒரு வழக்கு இருக்கும். யாரோ கொன்றிருப்பார்கள், யாரோ ஏமாற்றியிருப்பார்கள். பழி தீர்ந்தால் பேய் போய்விடும். இல்லாவிட்டால் மந்திரவாதி வந்து எலுமிச்சம்பழம் வெட்டுவார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பேய்க்கு நாம் முக்கியம். லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் காஸ்மிக் ஹாரர் கதைகளில் வருபவற்றுக்கு நம்மோடு எந்த வழக்கும் கிடையாது. நாம் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. பரிகாரம் செய்ய முடியாது, கெஞ்ச முடியாது. மனிதன் கண்டுபிடிப்பதெல்லாம் ‘நமக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை’ என்ற ஒன்றைத்தான். அதனால் இந்த வகையில் தெரிந்துகொள்வதுதான் ஆபத்து. எந்தக் கேம் தெரிந்துகொள்வதற்கு விலை வைக்கிறதோ அதுதான் உண்மையான வாரிசு. மற்றதெல்லாம் வேஷம்.

பிஎஸ்4 இருக்கிறதல்லவா, யோசிக்காமல் ‘ப்ளட்போர்ன்’ எடுங்கள். 2015இல் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்தது. யார்னம் என்ற ஊர், விக்டோரியா காலத்து இங்கிலாந்து போல இருக்கும். மக்கள் மிருகமாக மாறுகிறார்கள், நீங்கள் வேட்டைக்காரர். பாதி தூரம்வரை இது ஓநாய் மனிதர்கள் கதை என்றுதான் நம்பிக்கொண்டு இருப்பீர்கள். ‘இன்சைட்’ என்று ஓர் எண் ஓரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். பெரிய பூதம் ஒன்றை முதன்முதலில் பார்த்தாலே அது கூடும். முதல் இன்சைட் கிடைக்கும்வரை உங்கள் இருப்பிடத்தில் ஒரு பொம்மை உயிரில்லாமல் சாய்ந்து கிடக்கும். கிடைத்தபின் திரும்பி வந்தால் அது எழுந்து நின்று உங்களோடு பேசும்.

இனி சொல்வது கதையைக் கொஞ்சம் உடைக்கும், வேண்டாமென்றால் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கதீட்ரல் வார்டில் ஓர் இடத்தில் நின்றால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களை அப்படியே அந்தரத்தில் தூக்கிவிடும். கேமில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். பின்னால் ஒரு ஏரியில் ஒரு ஜீவனைக் கொல்கிறீர்கள், நிலா சிவக்கிறது. அப்புறம் அதே தெருவுக்கு வந்து நிமிர்ந்தால், நீங்கள் அத்தனை நேரம் நடந்த கட்டடங்களின்மேல் வீட்டைவிடப் பெரிய உருவங்கள் தொற்றிக்கொண்டு இருக்கின்றன. அவை புதிதாக வரவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் இருந்தன. இன்சைட் நாற்பதைத் தொட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இத்தனைக்கும் ஒரு வசனம்கூடக் கிடையாது. அறிவு கூடக் கூட உங்கள் பாத்திரம் ‘ஃப்ரென்ஸி’ என்ற வெறிநிலைக்குச் சீக்கிரம் பலியாகும். பார்த்ததற்குக் கொடுக்கிற விலை அது.

இந்த யோசனை ப்ளட்போர்னோடு பிறந்ததும் அல்ல. 1981இல் சாண்டி பீட்டர்சன் ‘கால் ஆஃப் கதுலு’ என்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஒரு டேபிள்டாப் கேம் செய்தார், கேயாசியம் வெளியீடு. கதுலு என்பது லவ்கிராஃப்ட் கதையில் வரும் பூதம். அதில் புத்திசுவாதீனத்துக்கு மதிப்பெண் உண்டு. பழைய நூல்களைப் படித்துக் கதுலு பற்றிய அறிவு எவ்வளவு ஏறுகிறதோ, அவ்வளவுக்குப் புத்தியின் உச்சவரம்பு நிரந்தரமாகக் குறையும். அறிவில் முழுத் தேர்ச்சி என்றால் முழுப் பைத்தியம். இரண்டையும் ஒரே கணக்கில் கட்டிப்போட்ட அந்த விதியை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. பிறகு வந்த எத்தனையோ கேம்களின் ‘சானிட்டி மீட்டர்’ இதன் பேரப்பிள்ளைதான்.

லேப்டாப்புக்கு ‘அம்னீசியா: த டார்க் டிசென்ட்’. 2010, சுவீடனின் ஃப்ரிக்ஷனல் கேம்ஸ். சண்டையே போட முடியாது. இருட்டில் நின்றால் புத்தி குறையும், வெளிச்சத்தில் நின்றால் ஜந்து பார்த்துவிடும், ஜந்துவை நீங்கள் பார்த்தாலும் புத்தி குறையும். கடைசியில் மூலையில் ஒடுங்கிச் சுவரைப் பார்த்து நிற்பதுதான் வழி. பழைய கேம், சுமாரான மெஷினிலும் ஓடும்.

பழைய ரீல்:

கேமுக்கு நடுச்சாமம் இருக்கிறார், நான் படம் சொல்கிறேன்.

‘த திங்’, 1982, ஜான் கார்பென்டர். அண்டார்டிகாவில் ஓர் அமெரிக்க முகாம், பன்னிரண்டு பேர். ஒரு நார்வே ஹெலிகாப்டர் ஒற்றை நாயைச் சுட்டுக்கொண்டே துரத்தி வருவதில் படம் தொடங்குகிறது. எல்லோரும் பேசுவது ராப் பாட்டின் செய்த உருமாற்றக் காட்சிகளைப் பற்றி. பேச வேண்டியதுதான், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ரப்பரும் ரசாயனமும் வைத்துச் செய்தது. ஆனால் என்னை உலுக்கியது அந்த நாய். அது முகாமுக்குள் தனியாக, சத்தமில்லாமல் நடந்து, ஓர் அறை வாசலில் நின்று உள்ளே பார்க்கிறது. சுவரில் ஒரு மனிதனின் நிழல் திரும்புகிறது. அவ்வளவுதான் காட்சி. அந்த நிழல் யாருடையது என்று படம் முடிந்த பிறகும் தெரியாது.

ஒரு சுவையான செய்தி. இந்தப் படத்தின் மூலக்கதை ஜான் கேம்ப்பெல் 1938இல் ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையில் எழுதியது. அதே பத்திரிகையில்தான் 1936இல் லவ்கிராஃப்டின் அண்டார்டிகா நாவல் ‘அட் த மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ தொடராக வந்தது. பனிக்கண்டம், பனிக்குள் உறைந்து கிடக்கும் வேற்று ஜீவன் என்று இரண்டுக்கும் களம் ஒன்றுதான். அடுத்தடுத்துப் பார்த்து, படித்தால் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும்.

அடுத்தது ‘அனைஹிலேஷன்’, 2018. ட்ரெட்ஜ் பிடித்தவருக்கு இது கட்டாயம் பிடிக்கும், இதிலும் கலங்கரை விளக்கம் உண்டு. அந்தக் கரடிக் காட்சிக்காகவே பார்க்கலாம்: செத்துப்போன தோழியின் அலறல் கரடியின் வாயிலிருந்து வருகிறது. கரடி ஏமாற்றுவதற்காகக் கத்தவில்லை, அவளுடைய சாவு அதற்குள் கலந்துவிட்டது. இதன் மூல நாவலும் நன்றாக இருக்கும், ஆனால் படம் தனி வழியில் போகிறது.

நம் நாட்டில் இதற்கு ஈடாக ‘தும்பாட்’ இருக்கிறது, 2018. ஓயாத மழை, பாழடைந்த வாடா (பழைய மாளிகை), கிணற்றடியில் தேவியின் கருப்பை, அதற்குள் தங்கத்துக்கும் தானியத்துக்கும் ஆசைப்பட்ட ஹஸ்தர். அந்தப் பெயரைக் கேட்டதும் லவ்கிராஃப்ட் படித்தவர்களுக்கு ஹாஸ்டர் என்ற பூதம் நினைவுக்கு வரும். நிச்சயம் பாருங்கள்.

நடுச்சாமம்:

பழைய ரீல் அண்ணா, தும்பாட் அருமையான படம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இந்த வரிசையில் வைக்க மாட்டேன். ஹஸ்தருக்கு மாவு வேண்டும், மனிதனுக்குக் காசு வேண்டும். மாவால் வட்டம் போட்டு, மாவுப் பொம்மையைக் காட்டி, அது தின்னும் நேரத்தில் காசை உருவிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டு நடக்கிற வியாபாரம் இது. ஆசைக்குத் தண்டனை உண்டு என்று உலகம் இன்னும் ஒழுங்கோடு இருக்கிறது. தாத்தா பாட்டி சொன்ன கதைகளின் பலம் அதில் இருக்கிறது, காஸ்மிக் ஹாரரின் வெறுமை இல்லை.

பழைய ரீல்:

நீங்கள் சொல்வது படத்தின் கடைசிப் பகுதிக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்திருக்கிற கிழவி? சாபத்தால் சாகவும் முடியாமல், ஒரு கட்டத்தில் உடம்பிலிருந்து மரமே வளர்ந்து நிற்கிறாள். அந்த இடத்தில் நீதியும் இல்லை, ஒழுங்கும் இல்லை. எனக்கு அது போதும்.

செங்காந்தள்:

கதைகளை யாரும் தொடவில்லையே! கலங்கரை, நீங்கள் லவ்கிராஃப்டைப் படித்ததில்லை என்றால் கதுலுவில் ஆரம்பிக்காதீர்கள். 1927இல் வந்த ‘த கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ படியுங்கள். அவர் எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்பேன்.

மாசசூசெட்ஸில் ஒரு விவசாயக் குடும்பம். அவர்கள் கிணற்றருகே ஒரு விண்கல் விழுகிறது. அதற்குள் எந்த நிறத்தோடும் சேர்க்க முடியாத ஒரு நிறம். அந்த வருஷம் பழங்கள் என்றுமில்லாத அளவுக்குப் பெருத்து, பளபளவென்று காய்க்கின்றன. கடித்தால் வாயில் வைக்க முடியாத கசப்பு. காற்றே இல்லாத இரவில் மரக்கிளைகள் அசைகின்றன. ஆடுமாடு நொறுங்குகிறது, அம்மாவை மேல்மாடியில் பூட்டிவைக்கிறார்கள், ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஆனாலும் அந்தக் குடும்பம் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே குடித்துக்கொண்டு இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போன ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வரும். கதையைச் சொல்பவர் அங்கே நீர்த்தேக்கம் கட்டுவதற்காக அளக்க வந்த சர்வேயர். அந்த இடமெல்லாம் தண்ணீருக்குள் போகப்போகிறது, நகரம் அந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறது.

இதைப் படமாக எடுப்பவர்களுக்கு இல்லாத நிறத்தைக் காட்ட வேண்டிய சிக்கல். 2019 படத்தில், நிக்கோலஸ் கேஜ் நடித்தது, ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து அடித்துவிட்டார்கள். 2010இல் ஜெர்மனியில் எடுத்த ‘டீ ஃபார்ப’ படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, அந்த ஒன்று மட்டும் நிறத்தோடு வரும். சின்ன பட்ஜெட் படம், யோசனை எவ்வளவு பெரிது பாருங்கள்.

லவ்கிராஃப்டுக்கும் முந்தியது ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டின் ‘த வில்லோஸ்’, 1907. இரண்டு நண்பர்கள் டான்யூப் ஆற்றில் படகில் வருகிறார்கள், வெள்ளத்தில் கரைந்துகொண்டே இருக்கும் ஒரு மணல்திட்டில் இரவு தங்குகிறார்கள். சுற்றிலும் வில்லோ புதர்கள். காலையில் ஒரு துடுப்பைக் காணோம், படகின் அடியில் ஒரு கிழிசல், மணலில் புனல் வடிவக் குழிகள். பூதம் என்று எதுவும் முன்னால் வந்து நிற்பதில்லை. உங்கள் ட்ரெட்ஜ் கலக்கத்துக்கு இதைவிட நெருக்கமான கதை எனக்குத் தெரியவில்லை.

படக்கதை பிடிக்குமா? ஜுன்ஜி இட்டோவின் ‘உசுமாகி’ எடுங்கள். ஒரு ஊரையே சுருள் வடிவம் பிடித்து ஆட்டுகிறது. சந்தில் உட்கார்ந்து நத்தையின் ஓட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதரில் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லவ்கிராஃப்ட் அப்பட்டமான இனவெறியர். ‘த ஹாரர் அட் ரெட் ஹுக்’ கதையில் நியூயார்க்கின் குடியேறிகளை அவர் எழுதியிருக்கும் விதம் குமட்டும். அவருக்கு வந்த பயத்தில் பாதி வேற்று மனிதர்கள் மேல் இருந்த பயம். 2016இல் விக்டர் லவால் என்ற கறுப்பின எழுத்தாளர் அதே கதையை ஹார்லத்தில் வாழும் ஒரு கறுப்பு இளைஞனின் பக்கத்திலிருந்து ‘த பேலட் ஆஃப் பிளாக் டாம்’ என்று எழுதினார். அக்கறையில்லாத பிரபஞ்சம் என்றால் நமக்கு நடுங்குகிறது. தினம் தினம் போலீஸ் நிறுத்திச் சோதிக்கும் ஒருவனுக்கு அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை, காரணமும் கதையில் இருக்கிறது. ரெட் ஹுக்கை முதலில் படித்துவிட்டு இதைப் படியுங்கள், சின்ன நூல்தான்.

கலங்கரை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. செங்காந்தள் அக்கா, ‘த வில்லோஸ்’ நேற்று இரவே படித்துவிட்டேன். மணல்திட்டு காலையில் சின்னதாகியிருக்கும் இடத்தில் இரண்டு பேரும் அதை வாயால் சொல்லாமல் தவிர்க்கிறார்களே, அந்தப் பக்கத்தை மறுபடி போய்ப் படித்தேன். நடுச்சாமம் அண்ணா, வார இறுதியில் பிஎஸ்4 கைக்கு வருகிறது. ப்ளட்போர்ன் ரொம்பக் கஷ்டம் என்று தம்பி பயமுறுத்துகிறான். நான் இந்த வகையில் எதுவும் விளையாடியதில்லை, தாக்குப்பிடிப்பேனா?

நடுச்சாமம்:

தாக்குப்பிடிப்பீர்கள். அடி வாங்கினால் பின்னால் ஓடாதீர்கள், உடனே திருப்பி அடித்தால் இழந்த உயிரில் கொஞ்சம் மீளும். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போவது ஃபாதர் காஸ்காய்ன் என்பவரிடம். அவரிடம் போகும் முன் சென்ட்ரல் யார்னமில் வெளிச்சம் தெரியும் ஒரு ஜன்னலைத் தட்டுங்கள். உள்ளே ஒரு சின்னப் பெண் அம்மாவைக் காணோம் என்பாள், ஓர் இசைப்பெட்டி தருவாள். சண்டையில் அதை வாசித்தால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார், அந்த நேரத்தில் அடிக்கலாம். அடிக்கடி வாசித்தால் சீக்கிரமே மிருகமாகிவிடுவார், அதனால் அளவோடு. அந்தப் பெண் யார் என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள், நான் சொல்ல மாட்டேன்.