அத்தையுடன் நாளை எங்கே?

அம்மா: நியூசிலாந்து வந்திருக்கும் அத்தையை நாளை எங்கே அழைத்துப் போகிறோம்? இப்போதே சொல்லுங்கள், சாப்பாடு கட்ட வேண்டும்.

அண்ணன்: குயின்ஸ்டவுன்.

பெரியப்பா: ஓமாரூ போகலாம். நம் டனீடனிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். துறைமுகத்தை ஒட்டி ஹார்பர் தெரு, டைன் தெரு. விக்டோரியா ராணி காலத்துத் தானியக் கிடங்குகளும் கம்பளிக் கிடங்குகளும் வரிசையாக நிற்கின்றன, இப்போது உள்ளே கடைகள். எல்லாம் அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல். வெட்டி எடுத்த புதிதில் ரம்பத்தால் அறுக்கலாம், காற்றுப் பட்டால் இறுகிவிடும். அதனால்தான் மூட்டை அடுக்கும் கிடங்குக்குக்கூட அவ்வளவு வேலைப்பாடு! நம் ரயில் நிலையத்தில் வெள்ளையாகத் தெரிவதும் அதே கல்தான்.

அண்ணன்: குயின்ஸ்டவுன்?

அத்தை: அவ்வளவு நேரம் காரில் உட்கார முழங்கால் இடம் கொடுக்காது.

சித்தி: ஓமாரூவில் பெங்குவின் உண்டுதானே?

பெரியப்பா: நீலப் பெங்குவின். இருட்டிய பிறகுதான் கரையேறும். படம் எடுக்க அனுமதி இல்லை.

சித்தி: படம் எடுக்கக் கூடாதா!

நான்: ஹார்பர் தெரு சின்னதுதான், அத்தை. மெதுவாக நடக்கலாம். அண்ணா, 1883-இல் கட்டிய தானியக் கிடங்கில் ஸ்டீம்பங்க் கண்காட்சி இருக்கிறது, நீராவிக் காலத்துப் பாணியில் கற்பனை இயந்திரங்கள்.

அண்ணன்: அதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

சித்தப்பா: பழைய கிடங்கைப் பார்க்க இவ்வளவு தூரமா?

பெரியப்பா: துறைமுகம் நொடித்து 1974-இல் மூடிவிட்டார்கள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஊரில் பணப்புழக்கம் இல்லை, கட்டடங்கள் பிழைத்தன. 1987-இல் ஒரு அறக்கட்டளை அமைத்து ஒவ்வொன்றாகச் சீர்செய்தார்கள். அங்கே கையால் புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கூட இருக்கிறார். பூட்டி வைக்காமல் ஆள் புழங்க விட்டார்களே, அதுதான் பெரிய காரியம்.

அத்தை: காரைக்குடி வீட்டையும் அப்படிச் செய்திருக்கலாம். தேக்குத் தூணை லாரியில் ஏற்றியபோது நான் வாசலில் நின்றேன்.

சித்தப்பா: அக்கா, அது இப்போது வேண்டாம். வருடா வருடம் ஓடு மாற்றியது நான் ஒருவன்தான்.

அம்மா: புளியோதரையா, சப்பாத்தியா?

அண்ணன்: தயிர்சாதமும்.

பெரியப்பா: தங்கை பார்க்க வேண்டும் என்றுதான் ஓமாரூ சொன்னேன்.

அத்தை: அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாமா, அண்ணா?

பெரியப்பா: தாராளமாக, தங்கச்சி.

சித்தி: பெங்குவின் பார்த்துத் திரும்ப நள்ளிரவாகுமே, யார் ஓட்டுவது?

சித்தப்பா: எனக்கு ஞாயிறு காலை வேலை.

அண்ணன்: பெங்குவின் இல்லையென்றால் நான் ஓட்டுகிறேன்.

சித்தி: பெங்குவின் இல்லையென்றால் நான் வரவில்லை.

அம்மா: புளி ஊற வைத்துவிட்டேன்.