கேலிக் இடப்பெயர்கள்: உங்களை உறுத்திய ஒன்று

(கேலிக் ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்று. அதன் இடப்பெயர்களில் உங்களை உறுத்தியது எது என்ற கேள்விக்குப் புனைபெயரில் நால்வர் எழுதிய பதில்கள்.)

மலைமுகடு:
ஸ்காட்லாந்து, ஆப்பிள்கிராஸ் பக்கத்துப் பென் வான். வரைபடத்தில் பின்சொல் பி, எச், ஏ, என். அப்படியே அகராதியில் தேடினால் கிடைக்காது. 'பென்' (மலை) பெண்பால் சொல், அதனால் அடுத்த பண்புச்சொல்லின் முதல் ஒலி மெலிந்து ப, வ ஆகிறது. எழுத்தில் ஓர் எச் நுழைகிறது. எச்சை நீக்கி 'பான்' என்று தேடுங்கள்: வெளிறிய. மோர் (பெரிய) வோர் ஆவதும் இதே கணக்குதான். 'பென் மோர்' என்று ஆங்கிலமாக்கிய பெயர்களில் அந்த எச் விழுந்துபோயிருக்கும்.

ஓடைக்கரை:
எனக்கு உறுத்தல் கேர்ன் கோர்ம், 1,245 மீட்டர். ஒரு குன்றின் பெயரை மலைத்தொடர் முழுவதற்கும் போர்த்திவிட்டார்கள். தொடரின் கேலிக் பெயர் மோனக் ரூவா, செம்மலை. அங்கே புதிதாக உடைந்த கிரானைட் இளஞ்சிவப்பு. ஸ்பே ஆற்றுக்கு எதிர்ப்புறம் மோனக் லியா, சாம்பல் மலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பெயர் துலங்கும். கோர்மை நீலம் என்று மட்டும் எழுதுவதும் குறைதான். புல்லின் பசுமையும் அதில் அடங்கும்.

வடகாற்று:
மலைமுகடு சொன்ன எச் வழி ஸ்கை தீவில் பல இடங்களில் உதவாது. கார்போஸ்ட், ஸ்கீபோஸ்ட் எல்லாம் நார்ஸ், அதாவது வைக்கிங்குகளின் மொழி; 'போஸ்ட்' என்றால் பண்ணை. மலை, பண்ணை போல இடத்தின் வகையைச் சொல்லும் சொல் கேலிக்கில் பெரும்பாலும் முன்னே நிற்கும் (பென்; ஆற்று முகத்துவாரத்துக்கு இன்வர்), நார்ஸில் பின்னே. மேற்குத் தீவுகளில் முதலில் பெயரின் கடைசி அசையைப் பாருங்கள்.

குளக்கரை:
டார்பெட்டை யாரும் சொல்லவில்லையே! லோக் லாங் என்ற கடற்கழிக்கும் லோக் லோமண்ட் என்ற ஏரிக்கும் நடுவே சுமார் 3 கி.மீ. தரை. படகை இழுத்துக் கடக்கும் இடம் என்பதுதான் பெயரே. 1263-ல் நார்வே மன்னன் ஹாகோனின் ஆட்கள் கப்பல்களை அவ்வழியே இழுத்துப்போய் லோமண்டில் இறக்கினார்கள்.

புதிதாக நடக்கப் போகிறவர்களுக்கு: 1:25,000 வரைபடம் எடுங்கள், 1:50,000-ல் சிறு பெயர்கள் விடுபடும். 'ஆரி' என்றால் கோடை மேய்ச்சல் குடில் இருந்த இடம். பக்கத்தில் நீர் இருக்கும். தலைமுறைகளாக மாட்டுச்சாணம் விழுந்த மண், அதனால் சுற்றிலும் ஹெதர் புதர்கள் பழுப்பாக இருக்க அங்கே மட்டும் புல் பச்சையாக இருக்கும். கூடாரம் போடலாம், ஆனால் பழைய கல் அடித்தளத்தின் மேல் வேண்டாம். 'ஃபே' சேறும் நீருமான தாழ்வு. மழைக்குப் பின் சுற்றிப் போங்கள். 'கின்லோக்' ஏரியின் தலை, அதாவது ஆறு வந்து விழும் உட்பக்கம். கடல் பக்கம் என்று நினைத்து எதிர்முனைக்குப் போகிறவர்கள் உண்டு. 'கில்' என்றதும் பழைய தேவாலயம் என்று முடிவு கட்டாதீர்கள். காட்டைக் குறிக்கும் 'கொய்லே'யும் ஆங்கில எழுத்தில் கில்லி ஆகியிருக்கிறது. கில்பிரைட் போல அடுத்து ஒரு புனிதர் பெயர் வந்தால் நம்பலாம்.