டெக்ஸ் கையில் இருப்பது 1866-ஆ, 1873-ஆ?

இத்தாலிய காமிக்ஸ் நாயகர்களான டெக்ஸ் வில்லரும் ஸாகோரும் நேருக்கு நேர் மோதினால் யார் ஜெயிப்பார் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கியில் வந்து சிக்கி நிற்கிறது.

ஸாகோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி ஆள். ஒரு குண்டு சுட்டால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். மிச்சத்தைக் கல் கோடாரி பார்த்துக்கொள்ளும். அதில் குழப்பமில்லை. இரவுக் கழுகாரின் (டெக்ஸுக்கு நவஹோ பழங்குடியினர் வைத்த பெயர்) வின்செஸ்டர் ரைஃபிள்தான் தலைவலி. அது 1873 மாடல் என்றால் கதை அதற்குப் பிறகுதான் நடக்க முடியும். ஆனால் டெக்ஸின் கூட்டாளியாக வரும் கிட் கார்சன் நிஜத்திலும் வாழ்ந்தவர், அந்த நிஜ கார்சன் 1868-லேயே இறந்துவிட்டார். (நவஹோக்கள் மீது 1863-64-ல் படையெடுத்தவரே அவர்தான், காமிக்ஸில் நவஹோ தலைவரான டெக்ஸின் உயிர் நண்பர்!) 1866 மாடல் என்றால் கதையைக் கார்சனின் ஆயுளுக்குள் அடக்கிவிடலாம்.

கையில் இருப்பவை லயன் காமிக்ஸின் கறுப்பு வெள்ளை இதழ்கள். குழலுக்கு அடியில் மரப்பிடி தெரிகிறது, ஆகவே வின்செஸ்டரின் முன்னோடியான 1860 ஹென்றி ரைஃபிள் இல்லை. வலப்பக்கம் தோட்டா நுழைக்கும் வாய் இருக்கிறது, ஆனால் அது இரண்டு மாடலுக்கும் உண்டு. 1866-க்குப் பித்தளை உடல், மஞ்சளாக மின்னும். கறுப்பு வெள்ளையில் என்ன தெரியும்? அட்டைப் படங்களை நம்பலாமென்றால் ஒன்றில் மஞ்சள், இன்னொன்றில் சாம்பல். 1873-க்கு மேல்புறம் நகரும் தூசி மூடி உண்டே என்று லென்ஸ் வைத்துத் தேடினேன். சரியாக அந்த இடத்தில்தான் புகையை வரைந்திருக்கிறார்கள்.

பக்கவாட்டில் வரைந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த இரண்டு மாடலையும் எதை வைத்துப் பிரிப்பது?