புதுப்பிப்பு: தேக்கு ஸ்டூலில் அகலமாகிப்போன துளை சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்டூலின் காலில் போட்ட துளை 2 மி.மீ. கூடுதல் அகலமாக வெட்டுப்பட்டு, அதில் செருகும் குறுக்குச் சட்டம் ஆடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது, சட்டத்தின் முனையில் இருபுறமும் மெல்லிய தேக்குச் சீவல் ஒட்டும் யோசனைதான். சீவலின் ரேகை (மர இழை ஓடும் திசை) சட்டத்தின் ரேகையோடே ஓட வேண்டும். கொஞ்சம் தடிமனாக ஒட்டி, காய்ந்ததும் இழைத்து இறுக்கமாக்கினேன். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. முதலில் அசிட்டோனால் துடைத்தால் பசை நன்றாகப் பிடிக்கும்.

வெளியே தெரிந்த இடுக்குதான் படுத்திவிட்டது. மரத்தூளையும் மரப்பசையையும் குழைத்து அடைத்தேன். ஸ்டெயின் (மரத்துக்கு நிறமேற்றும் பூச்சு) அடித்ததும் அந்த இடம் மட்டும் வெளிறிப்போனது. காய்ந்த பசை நிறத்தை உறிஞ்சாதாம்! சரி என்று சுரண்டிவிட்டு, பசை தடவிய மெல்லிய தேக்கு ஆப்பை அடித்துச் சமமாகச் சீவினேன். இப்போது தேடினால்தான் தெரிகிறது.