விமானச் சரக்கு 2.2 மடங்காகுமாம், ஃப்ரைட்டர் (சரக்கு மட்டும் ஏற்றும் விமானம்) மட்டும் ஏன் அந்த அளவுக்குக் கூடவில்லை?

ரன்வே_07:
போயிங்கின் 2024 சரக்குக் கணிப்பில் ஒரு கணக்கு இடிக்கிறது. 2043 வரை ஆண்டுக்கு 4% வளர்ச்சி என்றால் இருபது வருடத்தில் சரக்கு கிட்டத்தட்ட 2.2 மடங்காகிவிடும். ஃப்ரைட்டர்களோ 2,340-இலிருந்து 3,900தான் ஆகுமாம். மீதிச் சரக்கு எதில் போகும்?

பெல்லிலோடு:
பயணிகள் விமானத்தின் பெல்லியில், அதாவது இருக்கைகளுக்குக் கீழே உள்ள சரக்கு அறையில். இன்றைக்கே ஏறத்தாழ பாதிச் சரக்கு அதில்தான் போகிறது. 777-300இஆர்-இல் பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய பிறகும் 20 டன் வரை சரக்கு வைக்கலாம். ஆனால் எல்லாம் ஏறாது. கீழ்த்தளத்தில் பேலட் (சரக்கை அடுக்கும் தட்டு) உயரம் சுமார் 160 செ.மீ.; ஃப்ரைட்டரின் மேல்தளத்தில் 3 மீட்டர் வரை அடுக்கலாம். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிக்கு (ஆபத்தான சரக்குகளின் ஐ.நா. பட்டியலில் யூஎன் 3480) 2016 ஏப்ரலில் இருந்தே பயணிகள் விமானத்தில் தடை. பெல்லி எத்தனை வந்தாலும் இந்தச் சரக்குக்கு ஃப்ரைட்டர்தான்.

எம்டெக்_கன்வர்ஷன்:
3,900-ஐ மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். நிகரக் கூடுதல் 1,560தான். ஓய்வு பெறும் விமானங்களுக்கு ஈடாகவும் நிறைய வர வேண்டும். அதில் பெரும்பங்கு பழைய பயணிகள் விமானத்தை மாற்றுவது: சீட், விமானச் சமையலறை, டாய்லெட்டைக் கழற்றி, இடப்பக்கம் முன்னால் உடலை வெட்டிக் கதவு வைத்து, கதவைச் சுற்றியுள்ள சட்டங்களையும் தளத்தின் பீம்களையும் பலப்படுத்தி, ஜன்னல்களை அடைத்து, சரக்கு முன்னால் பாயாமல் 9ஜி (புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசை) தாங்கும் தடுப்புச் சுவரும் ரோலர்களும் பொருத்துவார்கள். சிக்கல் வெட்டுவதில் இல்லை, விமானம் கிடைப்பதில். புதிய பயணிகள் விமானமான 777-9 தள்ளிப்போவதால் ஏர்லைன்கள் 777-300இஆர்-ஐ விடுவதில்லை. சிறிய வகையில் நேர் எதிர்: கொரோனா கால உற்சாகத்தில் 737-800-ஐ வரிசையாக மாற்றித் தள்ளியதில் சந்தையில் தேக்கம்.

கனஅளவு:
ஆன்லைன் பார்சலில் எடைக்கு முன்பே இடம் நிறைந்துவிடும். போயிங்கின் ஃப்ரைட்டரான 777எஃப் ஏற்றுவது சுமார் 102 டன், 650 கன மீட்டர். கன மீட்டருக்கு 120 கிலோ பார்சல் ஏற்றினால் 78 டன்னிலேயே ஃபுல். 24 டன் திறன் வீண். அதனால்தான் 777-300இஆர்எஸ்எஃப் (777-300இஆர்-ஐ மாற்றிய ஃப்ரைட்டர்) மீது கண்: எடைத்திறன் ஏறக்குறைய அதே, கொள்ளளவு சுமார் 25% கூடுதல். இயந்திர பாகம் மாதிரி கனமான சரக்கு என்றால் இந்த ஆதாயம் கிடையாது.

இன்னொன்று: 2028 முதல் ஐகாவோவின் (ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பு) கார்பன் உமிழ்வு விதி வருவதால் விதிவிலக்கு இல்லாமல் புதிய 777எஃப் கட்ட முடியாது. மாற்றாக வரவேண்டிய புதிய ஃப்ரைட்டர்களான ஏ350எஃப், 777-8எஃப் இரண்டும் ஏற்கெனவே தாமதம். எனவே பழைய 747-400எஃப்-களை உடனே உடைக்கப் போட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.