பிளஸ் ஒன் இயற்பியலுக்கு முன்னாடி என் பொண்ணு எந்தக் கணக்கைச் சரிபண்ணிக்கணும்?

வில்லிவாக்கம் தையல்கடை:

எல்லாருக்கும் வணக்கம். வில்லிவாக்கத்துல சின்னதா ஒரு தையல் கடை வெச்சிருக்கேன். பொண்ணு பத்தாவது முடிச்சு பிளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் சேர்ந்திருக்கா. கணக்குல தொண்ணூறுக்கு மேல வாங்கினவ. ஆனா இயற்பியல்ல முதல் பாடத்துலயே திணறுறா.

நேத்து ஒரு கணக்கு. மணிக்கு 54 கி.மீ. வேகத்துல வர்ற பஸ், எதிர்முடுக்கம் (பிரேக் போட்டா வேகம் குறையற வீதம்) 3 மீ/வி², எவ்வளவு தூரம் போய் நிக்கும்? சூத்திரம் சரியா எழுதினா, 54-ஐ அப்படியே போட்டா, 486 மீட்டர்னு கோடு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டா. விடைப்பக்கத்துல வேற என்னமோ இருக்கு. திருகு அளவி (ஸ்க்ரூ காஜ்) பாடத்துல "சுழிப்பிழை நேர்க்குறின்னா திருத்தம் எதிர்க்குறி"ன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பா. ஏன்னு கேட்டா, மிஸ் அப்படித்தான் சொன்னாங்கங்கறா.

பக்கத்துல ஒரு கோச்சிங் சென்டர்ல 'ஃபவுண்டேஷன்'னு ஒரு மாச வகுப்பு நடத்துறாங்க. ஃபீஸைக் கேட்டா தலை சுத்துது. அது அவசியமா, இல்ல வீட்டுலயே ஏதாவது செய்யலாமா? எனக்குத் தெரிஞ்ச அளவெல்லாம் இஞ்ச் டேப்தான்.

ஃபர்ஸ்ட் இயர் பையன்:

ஆன்ட்டி, நான் பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருஷம், தமிழ் மீடியம்தான். எனக்குக் கஷ்டமா இருந்ததை மட்டும் சொல்றேன். இயற்பியல் முதல் தொகுதியில, இயக்கவியல் பாடத்துலயே வெக்டர், வகையீடு (டிஃபரன்ஷியேஷன்) ரெண்டும் வந்துடும். கணக்குப் புத்தகத்துல அதெல்லாம் ரெண்டாம் தொகுதியில இருக்கு. அதனால கணக்கு மிஸ் அதைத் தொடுறதுக்கு முன்னாடியே இயற்பியல் சார் போர்டுல போட்டுட்டுப் போயிடுவார். இயற்பியல் புத்தகத்துலயே அதுக்குச் சுருக்கமா ஒரு அறிமுகம் இருக்கும், அதை ஸ்கிப் பண்ணாம படிக்கச் சொல்லுங்க. சைன், காஸ் மதிப்பெல்லாம் 0, 30, 45, 60, 90 டிகிரிக்கு விரல் நுனியில இருக்கணும். மடக்கை (லாக்) அட்டவணை பார்க்கவும் இப்பவே பழகிட்டா செய்முறைத் தேர்வுல நேரம் மிச்சம்.

அம்பத்தூர் க்யூசி:

அக்கா, கோச்சிங் பணத்தை அப்படியே வெச்சிருங்க. நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில க்யூசி, அதாவது தரப் பரிசோதனை. காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் கையில மைக்ரோமீட்டரும் வெர்னியரும்தான். எங்ககிட்ட டிப்ளமோ முடிச்சுட்டு வர்ற பசங்களுக்கும் இதே வியாதி இருக்கு. கணக்கு வரும், அளவு வராது. தம்பி சொன்ன வகையீடெல்லாம் வேணும்தான், ஆனா அது அடுத்த மாசம்.

முதல்ல அந்த 486-ஐப் பிடிப்போம். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர். பாடி மேம்பாலத்துல பிரேக் மிதிச்ச பஸ் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் நிக்கும்னா அந்த ரோட்ல எவனாவது உயிரோட இருப்பானா? இந்தக் கேள்வி உங்க பொண்ணுக்கு வரலை பாருங்க, அதுதான் சரிபண்ண வேண்டியது. பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி, "சுமாரா எவ்வளவு வரும்?"னு வாயால சொல்லச் சொல்லுங்க. பத்து மீட்டரா, நூறா, ஆயிரமா? அது போதும்.

அப்புறம் அலகு. 54 கி.மீ.ன்னா 54,000 மீட்டர், ஒரு மணின்னா 3600 வினாடி, வகுத்தா 15 மீ/வி. வேகத்தோட வர்க்கத்தை எதிர்முடுக்கத்தோட ரெண்டு மடங்கால வகுக்கணும். மேல 225, கீழ ரெண்டு மூணு ஆறு, விடை 37.5 மீட்டர். மூணு பஸ் நீளம், நம்பற மாதிரி இருக்கு. ஒவ்வொரு வரியிலயும் எண்ணுக்குப் பக்கத்துல அலகை எழுதச் சொல்லுங்க, கடைசி வரியில மட்டும் இல்ல. மேல மீ²/வி², கீழ மீ/வி², அடிச்சுட்டா மீட்டர் மட்டும் மிஞ்சும். அவ போட்ட மாதிரி போட்டா மேல கி.மீ.²/மணி², கீழ மீ/வி². எதையும் அடிக்க முடியாது, அங்கயே கை நின்னுடும். இன்னொண்ணு, 486-ஐ 37.5-ஆல வகுத்துப் பார்க்கச் சொல்லுங்க. 12.96 வரும். 3.6-ஐ 3.6-ஆல பெருக்கினாலும் அதேதான். தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு தப்பே சொல்லும்.

பத்தின் அடுக்குக்குத் தனியா நோட்டு வாங்காதீங்க, நியூஸ் பேப்பர் போதும். மழைக்காலம் வந்தா செம்பரம்பாக்கம் ஏரி நிலவரம் தினமும் போடறான். மொத்தக் கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1000 கன அடி திறந்துவிட்டு, உள்ள சொட்டுத் தண்ணி வரலைன்னு வெச்சுக்கிட்டா, நிரம்பின ஏரி காலியாக எத்தனை நாள்? மேல 3.645 × 10⁹, கீழ 10³, வகுத்தா 3.645 × 10⁶ வினாடி. நாளுக்கு 86,400 வினாடி. ஏறக்குறைய 42 நாள். அதையே லிட்டர்ல கேளுங்க. இங்கதான் எல்லாரும் விழுவாங்க. ஒரு அடி 0.3048 மீட்டர், அதனால கன அடியையும் 0.3048-ஆல ஒரே ஒரு தடவை பெருக்கிடுவாங்க. கன அடின்னா மூணு தடவை. 0.0283 கன மீட்டர், அதாவது 28.3 லிட்டர்.

இப்ப திருகு அளவி. ஸ்கூல்ல இருக்கறதுல பொதுவா புரியிடைத் தூரம் (ஒரு சுத்துக்குத் திருகு நகர்ற தூரம்) 1 மி.மீ., தலைக்கோல்ல (சுத்தற தலையில இருக்கற அளவுகோல்) 100 பிரிவு, மீச்சிற்றளவு, அதாவது அளக்க முடியற மிகச் சின்ன அளவு, 0.01 மி.மீ. எங்க மைக்ரோமீட்டரும் ஒரு திருகு அளவிதான், அதுல ஒரு சுத்துக்கு 0.5 மி.மீ., 50 பிரிவு, அதுவும் 0.01-தான். கருவியோட வாயை மூடி, கடைசியில இருக்கற ராட்செட் திருகைத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் வரும். நடுவுல ஒண்ணுமே இல்ல. அப்பவும் 0.05 காட்டுதுன்னா, அந்தக் கருவி எதை அளந்தாலும் 0.05 கூடவே காட்டும். அதனால கழிக்கணும். நேர்க்குறி எதிர்க்குறி விவகாரம் அவ்வளவுதான். கையில கருவி இல்லாட்டியும் மூடின நிலையை ஒரு படம் வரைஞ்சு பார்த்தா மனப்பாடமே வேண்டாம்.

உங்க கடையிலயே ஒரு லேப் இருக்கு அக்கா, சும்மா சொல்லல. டேப்ல ஒரு நூல், அதாவது எட்டுல ஒரு பங்கு இஞ்ச்தான் சின்னப் பிரிவுன்னா, அதுதான் அதோட மீச்சிற்றளவு. ஒரே ஆளுக்கு இடுப்பை நாலு தடவை அளந்தா மூச்சு இழுக்கறது, விடறதுன்னு ஏதாவது மாறும், கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அது ஒழுங்கற்ற பிழை, சராசரி எடுத்தா அடங்கும். ஆனா துணி டேப் பழசாகி இழுபட்டுப் போச்சுன்னா நூறு தடவை அளந்தாலும் குறைச்சுத்தான் காட்டும். சராசரிக்கு அது மசியாது. அது முறையான பிழை. ஸ்டீல் ஸ்கேல் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். புத்தகத்துல ரெண்டு பக்கம் இருக்கறது உங்க கழுத்துல தொங்குது.

தையல் நூலோட தடிமன் எவ்வளவுன்னு கேளுங்க. ஸ்கேலை வெச்சு ஒரு நூலை அளக்க முடியாது. பென்சில்ல இடைவெளி விடாம நாற்பது சுத்து சுத்தி மொத்த அகலத்தை அளந்து நாற்பதால வகுத்தா வந்துடும். ஏ4 பேப்பரும் அப்படித்தான், 500 தாள் கட்டு 5 செ.மீ. உயரம் இருந்தா ஒரு தாள் 0.1 மி.மீ.

கடைசியா முக்கிய எண்ணுரு, அதாவது ஒரு அளவுல நம்பி எழுதக்கூடிய இலக்கங்கள். துணியை 6.3 செ.மீ., 4.2 செ.மீ.ன்னு அளந்தா கால்குலேட்டர் 26.46 சதுர செ.மீ. காட்டும். எழுத வேண்டியது 26. அளக்கும்போது இல்லாத துல்லியம் பெருக்கும்போது எங்கேர்ந்து வரும்? அதே மாதிரி மைக்ரோமீட்டர்ல 12.50 வந்தா 12.5-ன்னு எழுதக் கூடாது. அந்தக் கடைசிச் சுழியை நான் பார்த்து எழுதியிருக்கேன்னு அர்த்தம். எங்க கம்பெனியில அந்தச் சுழியை விட்டா ரிப்போர்ட் திரும்பி வந்துடும்.

லேத்துலேர்ந்து சூடா வர்ற ஜாபை, அதாவது கடைஞ்ச இரும்புத் துண்டை, நாங்க உடனே அளக்க மாட்டோம். நீளம் அளக்க உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். 100 மி.மீ. இரும்புத் துண்டு 35 டிகிரியில ஏறக்குறைய 18 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு) நீண்டிருக்கும். சென்னை மே மாசத்துல ஏசி ரூம் எதுக்குன்னு இப்பத் தெரியுதா? எங்களுக்காக இல்ல, இரும்புக்காக.

வில்லிவாக்கம் தையல்கடை:

ரொம்ப நன்றிண்ணா. பொண்ணும் பக்கத்துல உக்காந்து படிச்சா. டேப் இழுபட்டிருக்கும்னு சொன்னதும் கடையில இருக்கற மூணு டேப்பையும் எடுத்து ஸ்டீல் ஸ்கேல்ல வெச்சுப் பார்த்தா. ஒண்ணுல 12 இஞ்ச்ங்கறது ஸ்கேல்ல ஒரு நூல் தள்ளி வருது! அதைத் தூக்கிப் போட்டாச்சு. போன வாரம் ஒரு ப்ளவுஸ் லூஸா இருக்குன்னு திரும்பி வந்ததுக்கு இது காரணமான்னு கேக்கறா. டேப் நீண்டா அளவு குறைச்சுக் காட்டும், அப்ப ப்ளவுஸ் டைட்டாத்தானே ஆகணும்னு நான் கேட்டேன். அந்த டேப்பாலயே துணியும் வெட்டினா ரெண்டும் சரியாப் போயிடும்னு அவ சொல்றா. யார் சொல்றது சரி?

இன்னொரு சந்தேகமும் அவளோடது. ஒரு இஞ்ச் 2.54 செ.மீ.ன்னா அதுல மூணு எண்ணுருதான் இருக்கு. அப்ப 36.25 இஞ்ச்சை மாத்தும்போது விடையையும் மூணோட நிறுத்தணுமா?

அம்பத்தூர் க்யூசி:

ரெண்டு பேரும் சரி. அந்த டேப்பால அளந்து அதாலயே வெட்டினா பிழை அடிபட்டுப் போகும். ஒண்ணால அளந்து வேற டேப்பால வெட்டினாத்தான் வம்பு. இவ்வளவு யோசிக்கிற பொண்ணுக்கு ஃபவுண்டேஷன் வகுப்பா!

2.54 அளந்து வந்ததில்ல, 1959-ல நாடுகள் பேசி வெச்ச வரையறை. ஒரு இஞ்ச் சரியா 25.4 மி.மீ. அதுக்கு எண்ணுரு எண்ணத் தேவையில்ல. அளந்த எண்ணுல நாலு இருக்கு, விடையிலயும் நாலு, 92.08 செ.மீ.

திருவல்லிக்கேணி வாத்தியார்:

அம்மா, நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அம்பத்தூர் நண்பர் சொன்னவை அனைத்தும் சரி, ஒன்றுதான் விடுபட்டுவிட்டது. வகையீட்டைத் தள்ளிவைக்கலாம், வரைபடத்தைத் தள்ளிவைக்கக் கூடாது. பத்தாம் வகுப்பில் y = mx + c போட்டு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், இங்கே சாய்வு கேட்டால் கட்டங்களை எண்ணி வகுத்துவிட்டு அலகில்லாமல் விடுகிறார்கள்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஊசலாடச் செய்யுங்கள். நீளத்தை நட்டின் மையம் வரை அளக்க வேண்டும். ஒரு மீட்டர் ஊசலுக்கு ஒரு முழு அலைவு ஏறக்குறைய 2 வினாடி. கடிகாரத்தை அழுத்தும் கையின் தாமதம் 0.2 வினாடி என்று வைத்தால், ஓர் அலைவை மட்டும் அளப்பதில் பத்து சதவீதம் பிழை. இருபது அலைவுகளுக்குச் சேர்த்து அளந்தால் அரை சதவீதம். நாற்பது சுற்று நூலின் சூட்சுமம்தான் இங்கும். பிறகு 40, 60, 80, 100 செ.மீ. என்று நீளத்தை மாற்றி, அலைவு நேரத்தை நீளத்துக்கு எதிராக வரையட்டும், வளைகோடு வரும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை வரையட்டும், நேர்கோடு வரும். அதன் சாய்வு மீட்டருக்கு ஏறக்குறைய 4 வி². ஊசலின் சூத்திரம் T = 2π√(l/g) என்பதால், 4π²-ஐ அந்தச் சாய்வால் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்கு அருகில் கிடைக்கும். சூத்திரத்தை இடம் மாற்றி எழுதுவது, சாய்வு, அலகு, பிழை எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

வெப்பநிலை பற்றிப் பேசியதால் ஒரு சேதி. இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவை 1802 ஏப்ரலில் நம் பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏறக்குறைய 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்தார். சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, சூட்டில் நீளும் அளவைத் திருத்திக்கொண்டார். அதன்பின் நெடுந்தூரங்களைக் கோணங்களால் கணக்கிட்டார்கள். தம்பி சைன், காஸ் பற்றிச் சொன்னது வீணில்லை.

ஃபர்ஸ்ட் இயர் பையன்:

சார், எல்லாம் சரி. ஆனா நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு நூல் சுத்தவும் நட்டு ஆட்டவும் நேரம் எங்க?

அம்பத்தூர் க்யூசி:

தம்பி, நீட், ஜேஇஇ மெயின் ரெண்டுலயும் கால்குலேட்டர் கிடையாது. சுமாரா சொல்லத் தெரிஞ்சவனுக்குத்தான் அங்க நேரம் மிச்சம். வாத்தியார் சொன்ன ஊசலையே எடு. π வர்க்கம் 9.87, g 9.8, ரெண்டையும் அடிச்சுட்டா ஒரு மீட்டர் ஊசலுக்கு 2 வினாடின்னு மனசுலயே வந்துடும். நாலு விடையில மூணு அப்பவே கழிஞ்சுடும்.

அக்கா, மைக்ரோமீட்டர் வாங்கிக் கொடுக்கணும்னு நினைக்காதீங்க. 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒண்ணு, அரை மி.மீ. கோடு போட்டதா பார்த்து வாங்குங்க, போதும். பழைய வெர்னியர் ஒண்ணு என்கிட்ட சும்மா கிடக்கு. மீச்சிற்றளவு 0.02 மி.மீ., சுழிப்பிழையும் இருக்கு. எவ்வளவு பிழைன்னு நான் சொல்ல மாட்டேன், பாப்பாவே கண்டுபிடிக்கட்டும். விவரத்தைத் தனிச் செய்தியில அனுப்புங்க, கொடுத்தனுப்பறேன்.