மறு: ஹார்மோனிகா பெருக்கியில் வரும் 'பிரேக்கப்' – தமிழில் என்ன?

நண்பர்களே,

ப்ளூஸ் ஹார்மோனிகா கையேட்டில் பெருக்கி வாங்குவது பற்றிய அத்தியாயம் மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆம்பிளிஃபயருக்குப் 'பெருக்கி' என்று முடிவாகிவிட்டது. 'ஒலிபெருக்கி' என்றால் எல்லோருக்கும் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வருகிறது. ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குள் திரும்பப் புகுந்து கீச்சிடும் ஃபீட்பேக்கைப் 'பின்னூட்டம்' என்றால் வாசகர் கடிதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதால் 'ஊளை' என்று வைத்தேன், யாரும் மறுக்கவில்லை. பெருக்கியை அதன் எல்லை வரை தள்ளும்போது ஒலி தடித்துத் திரிகிற பிரேக்கப்தான் இழுக்கிறது.

> 'திரிபு' ஏற்கெனவே இருக்கிறதே. புதிதாக எதற்கு?

ஐயா, திரிபு என்பது டிஸ்டார்ஷனுக்குப் பொதுச்சொல். இங்கே கேட்பது அதில் ஒரு வகை. கிடாருக்கென்று செய்த பெருக்கி பலவற்றில் முதல் கட்டப் பெருக்கமே கூடுதல். புல்லட் மைக்கை (ஹார்மோனிகாவோடு சேர்த்துப் பிடிக்கும் தோட்டா வடிவ மைக்) கைக்குள் பொத்தி வாசிப்பவர் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினாலே ஊளை கிளம்பும். அதனால் பலர் அந்தக் கட்டத்தில் பெருக்கும் வேலையைச் செய்யும் கண்ணாடிக் குழலான 12ஏஎக்ஸ்7 வால்வைக் கழற்றி, பெருக்கம் குறைந்த 12ஏஒய்7 அல்லது 12ஏயு7 வால்வைப் போடுகிறார்கள். பெருக்கக் காரணி 100இலிருந்து ஏறத்தாழ 45க்கோ 20க்கோ இறங்கும். ஊளை தள்ளிப்போகும், கடைசிக் கட்ட வால்வுகள் திணறும் வரை ஒலியை ஏற்ற இடம் கிடைக்கும். மெல்ல ஊதினால் தெளிவாகவும் அழுத்தி ஊதினால் தடித்தும் வரும் அந்த ஒலிக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

> சொற்கள் புணரும்போது வரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று என்றார் நன்னூலார். அலையின் உச்சி வெட்டுப்படுவதால் இது கெடுதல். 'அலைக்கேடு' என்க.

புலவர் ஐயா, உச்சி வெட்டுப்படுவது உண்மைதான். ஆனால் அப்படி வெட்டுப்படும்போது ஊதியவர் ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் புதிதாக வந்து சேர்கின்றன. ஒலி தடிப்பது அவற்றால்தான். அப்படியானால் அது தோன்றல். அலையின் வடிவம் மாறுவது திரிதல். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் ஒரே நொடியில் ஒரு வால்வுக்குள் நடக்கின்றன என்று யோசித்தபோது எனக்கே சிலிர்த்தது. ஆனாலும் 'கேடு' வேண்டாம். ஒருவர் காசு கொடுத்துத் தேடி வாங்கும் குணத்துக்குப் பழுதின் பெயரை வைக்கக் கூடாது.

> 'கம்மல்' எப்படி? கம்மு, கம்பலை எல்லாம் ஒரே வேர். தொல்காப்பிய உரியியலில் கம்பலை அரவப் பொருள்.

கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கும் அரவம் என்பது சரி. ஆனால் கம்பலை ஆரவாரம், கம்மல் தொண்டை அடைத்துக் குரல் குறைவது. வேர் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் பொருள் எதிர்த்திசையில் போகிறது. ப்ளூஸ் ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்ட்டர் 1952இல் சிகாகோவில் பதிவு செய்த 'ஜூக்' கேட்டுப் பாருங்கள். அடைப்பே இல்லை, அறையை நிறைக்கிற ஒலி.

> 'கரகரப்பு' போதும். எல்லோருக்கும் புரியும். தூய்மை பார்த்துப் பார்த்துப் புத்தகத்தைப் படிக்க முடியாமல் செய்துவிடாதீர்கள்.

அம்மா, புரிய வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்தான். வால்வை 'வெற்றிடக் குழல்' ஆக்கச் சொன்னதையும் அதனால்தான் ஏற்கவில்லை. என் தயக்கம் வேறு. ஒயர் தளர்ந்தாலும் கரகரப்பு, ஸ்பீக்கர் கிழிந்தாலும் கரகரப்பு. 'சீக்கிரம் கரகரக்கும் பெருக்கியை வாங்குங்கள்' என்று எழுதினால் புதியவர் என்ன நினைப்பார்?

என் பரிந்துரை 'முறுகொலி'. அப்பர் 'முறுக வாங்கிக் கடைய' என்றாரே, அந்த முறுகுதான்: இறுக்கமும் மிகுதியும் சேர்ந்த சொல். வினைத்தொகை என்பதால் முறுகிய, முறுகுகின்ற, முறுகும் மூன்றுக்கும் பொருந்தும். முக்கியமாக, பழுது என்ற வாடை இல்லை. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: '5 வாட், 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட சிறு பெருக்கி குறைந்த ஒலியிலேயே முறுகும், ஆனால் டிரம்ஸ் பக்கத்தில் அடங்கிப்போகும். 1959இன் ஃபெண்டர் பேஸ்மேன் பேஸ் கிடாருக்காகச் செய்தது; அதன் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் மேடையில் கேட்கும், முறுகொலியும் வரும்.' இடறவில்லை.

> முறுகல் என்றால் அடுப்பங்கரை வாசம்தான் வருகிறது. நான் ஏற்கவில்லை.

தெரியும். எண்ணிக்கையில் கரகரப்புக்குத்தான் ஆதரவு அதிகம். ஆகவே பாடத்தில் 'கரகரப்பு' போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில், இது பழுதால் வருவதல்ல என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கலைச்சொல் பட்டியலில் 'முறுகொலி'யும் இருக்கும். அதை நீக்கச் சொல்பவர்கள் காரணத்தோடு வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.